நான்கு பேர், மூன்று நுளம்புவலை

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து சஜீத் தொலைபேசியில் அழைத்தார். எனக்குப் பிறகு அந்தப் பிரிவைப் பொறுப்பெடுத்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர். ஊரார் வாயில், புதிய பீ.எச்.ஐ. டெங்குப் பரிசோதனையை அவர்கள் இப்போது கைப்பேசியிலேயே பதிகிறார்கள். அதனால் பழைய வீட்டுத் தாள்களை ஸ்கேன் செய்தபின் எரித்து, அலுமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார்களாம்.

“சேர், ஒங்கட தாள் எல்லாத்துலயும் மேல் மூலையில பென்சிலால ரெண்டு இலக்கம் கிடக்கு. ஆறு கீழ ஆறு, அஞ்சு கீழ நாலு, இப்படி. படிவத்துல அப்படி ஒரு இடமே இல்லயே. என்ன சேர் இது?”

“அது டெங்கு இல்ல.”

“மறுகா?”

“ஊட்ட வாங்க, செல்றன்.”

வந்தார். இரண்டு தேநீர் குடித்து முடியும்வரை சொன்னேன். “இத எழுதி வைங்க சேர். எங்களுக்கு ஆரும் படிப்பிச்சுத் தரல்லயே” என்றார். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு முதல் நாள் கடமையிலிருந்தே உண்டு. நேரம், வீடு, பேசிய பேச்சு எல்லாம் அதில் இருக்கின்றன. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்த ஒழுங்கை, எந்தச் சந்து என்றும் சொல்லவில்லை. கீழே வரும் குடும்பத்துக்கு இதை முதலில் வாசித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகே வெளியே கொடுக்கிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தெற்கில் ஒரு விடுதியில் இருந்து சிங்களம் கற்றேன். கிணற்று நீரில் குளோரின் பார்க்கவும், இறைச்சிக்கடையில் மூக்கைப் பொத்தாமல் நிற்கவும், வெள்ளை அகப்பையால் தேங்கிய நீரைக் கோலி அதில் நெளியும் குடம்பிகளை, அதாவது நுளம்பு என்று நாங்கள் சொல்லும் கொசுவின் புழுக்களை, எண்ணவும் கற்றேன். ஊருக்குத் திரும்பிய பிறகு பல வருடங்கள் இவையே என் வேலை. போதைப் பொருள் என் வேலை என்று நான் நினைத்ததில்லை. அது பொலிசின் வேலை, பள்ளிவாசலின் வேலை, தகப்பன்மாரின் வேலை என்று இருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் டொக்டர் புஷ்பராணி. கல்முனையைச் சேர்ந்த மெதடிஸ்தக் குடும்பத்தவர். எங்கள் பகுதிக்குச் சுகாதார வைத்திய அதிகாரியாக வந்தபோது, இந்த அம்மா எங்கட ஆக்கள்ட ஊட்டுக்குள்ள என்னத்தக் காணப்போறா என்று சிலர் கதைத்தார்கள். மூன்று மாதத்தில் அந்தக் கதை நின்றுவிட்டது. அவர் குரல் எப்போதும் தணிந்தே இருக்கும். கோபம் வந்தால் இன்னும் தணியும். நாங்கள் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்க வேண்டியிருக்கும். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் கட்டுவார். மேசையில் இரண்டு முனையும் சீவிய பென்சில்கள் ஆறு எப்போதும் வரிசையாக இருக்கும்.

ஒருநாள் ஒரு பாடசாலையில் மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தோம். பத்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கொம்பாஸ் பெட்டி மேசையிலிருந்து விழுந்து திறந்தது. உள்ளே நான்கு குளிசைகள். நரம்பு வலிக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கிற வகை. அதை யாரோ பிள்ளைகளுக்குக் களவாக விற்கத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஆசிரியர் வாயைத் திறக்கும் முன்னே டொக்டர் குனிந்து பெட்டியை எடுத்தார். குளிசைகளைத் தன் கைப்பைக்குள் போட்டார். பெட்டியை மூடிப் பையனிடம் கொடுத்தார்.

“உன்ட பல்லுல மூண்டு பழுது. செவ்வாய்க்கிழமை உம்மாவக் கூட்டிக்கொண்டு வா” என்றார்.

பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு அது பல்லுக் கதையாகவே முடிந்தது. நான் அவன் பல்லைப் பார்த்தேன். ஒன்றுகூடப் பழுதில்லை.

அடுத்த நாள் எங்களையெல்லாம் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார். எங்களில் ஒருவர் ஊர்வலம் போகலாம் என்றார். பதாகை, ஒலிபெருக்கி, பாடசாலைப் பாண்ட் வாத்தியம்.

“ஊர்வலம் எந்த வீட்டுக்குள்ள போகும்?” என்று டொக்டர் கேட்டார்.

“வீட்டுக்குள்ள இல்ல மெடம். மெயின் ரோட்டால.”

“பிரச்சினை மெயின் ரோட்டிலயா இருக்கு?”

ஊர்வலம் கேட்டவர் கையிலிருந்த தாளை மடித்து வைத்தார். டொக்டர் தொடர்ந்து கேட்டார்.

“இந்த ஊருல எல்லா வீட்டு வளவுக்குள்ளயும் போய் வாற ஆக்கள் ஆரு?”

“நாங்கதான் மெடம்” என்றேன். “நுளம்பு புடிக்கிற ஆக்கள்.” எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒரு பென்சிலை எடுத்தார்.

அன்று அவர் வகுத்த முறை எளிமையானது. டெங்குப் பரிசோதனைக்குப் போகும்போது வீட்டில் எத்தனை பேர், எத்தனை நுளம்புவலை என்று இரண்டு கேள்வி கேட்க வேண்டும். நுளம்பைப் பற்றி வந்தவன் வலையைப் பற்றிக் கேட்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. வலை குறைந்தால், மற்றவர் எங்கே படுக்கிறார் என்று வீட்டுக்காரர் தானாகவே சொல்லிவிடுவார். வீட்டின் ஆட்கள் மேலே, வீட்டில் படுப்பவர்கள் கீழே. தாளின் மூலையில், பென்சிலால். அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதக் கூடாது.

“ஏன் மெடம் பென்சில்?”

“அழிக்கலாம். ஒரு பிள்ளையைப் பற்றி நாங்க எழுதுறது எதுவும் அழிக்கக் கூடியதா இருக்கணும்.”

வெளியூர் வாசகர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். உம்மாவும் வாப்பாவும் பின்னறைக்கு நகர்வார்கள். அந்த வீட்டின் வாலிபப் பையனுக்கு இடம் எது என்று யாரும் கேட்பதில்லை. அவன் கூட்டாளியின் கடையில், கழக அறையில், கடற்கரையில் மீன்காரர் போட்ட ஓலைக் கொட்டிலான வாடியில் போய்ப் படுப்பான். ஆம்பிளைப் புள்ளதானே என்று விட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் இரண்டு வருடம் ஒரு சைக்கிள் கடைக்குள் படுத்தேன். அதில் ஒரு குறையிருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. ஊரின் வழக்கத்துக்குள் பிறக்காத ஒருவர் வந்துதான் கேட்க வேண்டியிருந்தது: “அந்தப் பிள்ளை எங்க படுக்கும்?”

இன்னும் இரண்டு விதிகள் இருந்தன. ஒரு வீட்டுக்கு மட்டும் என்று போகக் கூடாது. போனால் ஒழுங்கை முழுவதும் போக வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரே அளவு நேரம், ஏழு நிமிடம், நிற்க வேண்டும். குளிசைப் பழக்கம் உள்ள பையனின் வீடு என்று ஊரில் ஒருமுறை பெயர் விழுந்தால் அவன் ராத்தாவுக்கும் தங்கைக்கும் கலியாணம் பேச ஆள் வராது. அந்தப் பயத்தில்தான் தாய்மார் ஒளிக்கிறார்கள். ஒளித்த இடத்தில்தான் அது வளர்கிறது.

“இது களவு மாதிரி இல்லயா மெடம்?” என்று எங்களில் இளையவர் ஒருவர் கேட்டார்.

“நுளம்பத் தேடாம வலையை மட்டும் கேட்டாக் களவு. குடம்பியை ஒழுங்காத் தேடுங்க. மற்றதச் சொல்றதும் சொல்லாததும் அந்தத் தாய்ட விருப்பம்” என்றார்.

எண்ணில் வித்தியாசம் இருந்தால் உடனே முடிவுக்கு வருவதையும் அவர் அனுமதிக்கவில்லை. நற்பிட்டிமுனையில் வெள்ளாமை விளைந்திருக்கும் நாட்களில் பாதி வாலிபர் வயலில் காவல் கிடப்பார்கள். கடற்றொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்களில் ஆண்கள் பருவத்துக்குக் கரையிலேயே படுப்பார்கள். ஆரம்பத்தில் நான் அத்தகைய ஒழுங்கை ஒன்றிலிருந்து ஒரு கட்டுத் தாளோடு ஓடி வந்து காட்டினேன். “லத்தீப், இது மீன்படுற காலம்” என்று சொல்லிக் கட்டைத் திருப்பித் தந்தார். அந்த எண் ஒரு கேள்வி மட்டுமே என்பதை அன்று விளங்கிக்கொண்டேன்.

கேள்விக்குப் பதில் தேவைப்படும் பையன்களை அவர் செவ்வாய்க்கிழமை இரண்டரை மணிக்கு வரச்சொல்வார். அந்த நேரம் ஹோட்டல், பேக்கரி வேலைக்காரர்கள் மருத்துவச் சான்றிதழ் எடுக்க வரும் நேரம். அலுவலக வாசலில் இருபது முப்பது வாலிபர் வரிசையில் நிற்பார்கள். அதற்குள் ஒருவன் கூடுதலாக நின்றால் யாருக்குத் தெரியும்? வாழ்நாளில் ஒரு பிளேன்டீகூட ஊற்றத் தெரியாத பையன்கள் பலர் எங்கள் அலுவலகத்தில் உணவு கையாளத் தகுதியானவர்கள் என்று சான்றிதழ் பெற்றார்கள்.

இனி அந்த ஒழுங்கை. பதினொரு வீடு. ஏழாம் வீட்டில் காசிம் காக்கா, அவர் மனைவி, மகள் நஸ்ரின், மகன் ரிஸ்வான். காசிம் காக்காவுக்குச் சாகாமத்துப் பக்கம் கொஞ்சம் வயல். நஸ்ரினுக்குக் கலியாணம் நிச்சயமாகி, நிக்காஹ்வுக்கு ஆறு கிழமை இருந்தது. மாப்பிள்ளை இம்தியாஸ், சம்மாந்துறையில் ஒரு ரைஸ் மில்லில் மோட்டர் திருத்துகிறவர். ரிஸ்வான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான், வயது பதினெட்டு.

முதல் தடவை நான் போனபோது காசிம் காக்காவின் மனைவி பின்வளவைக் காட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

“ஊட்ட எத்தின பேர் ராத்தா?”

“நாலு பேர் சேர்.”

“வலை?”

“மூண்டு. மகனுக்குத் தேவல்ல. அவன் கடக்கர வாடியில கூட்டாளிமாரோட படுக்கான். கலியாண ஊடுதானே சேர், கட்டில், அலுமாரி எல்லாம் அவன்ட அறைக்குள்ளதான் அடுக்கிக் கிடக்கு.”

நான்கின் கீழ் மூன்று என்று எழுதினேன். இரண்டு கிழமை கழித்து ஒழுங்கை முழுவதும் மறுபடி போனோம். மறுபடியும் நான்கின் கீழ் மூன்று. இந்த முறை அவர் தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்று, “சேர், மகன் சோறு தின்னுறல்ல. பகல் முழுக்க நித்திர. எழுப்பினா என்ட முகத்தப் பார்க்கானே தவிர என்னக் காணுறான் இல்ல” என்றார். ஏழு நிமிடம் முடிந்திருந்தது. “செவ்வாய்க்கிழம ரெண்டரைக்கு மகன அனுப்புங்க. சேட்டிபிக்கட் எடுக்கப் போறான் எண்டு செல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எட்டாம் வீட்டுக்குப் போனேன்.

ரிஸ்வான் வந்தான். டொக்டரின் அறைக்குள் நடந்ததை நான் அப்போது அறியேன். பிற்பாடு அவனே சொன்னான். என்ன பாவிக்கிறாய் என்று அவர் கேட்கவில்லையாம்.

“எங்க படுக்கிற?”

“வாடியில.”

“உன்ட கட்டில்ல?”

“மச்சான் படுக்கப் போறார். இன்னும் வரல்ல. கட்டில் வந்திட்டு.”

“வாடியில நித்திரை வருமா?”

“எப்படி மெடம் வரும்? நுளம்பு. ஒரு குளிசை போட்டாக் கடி தெரியா.”

அப்படித்தான் தொடங்கியது. முதலில் ஒன்று, கடி தெரியாமல் தூங்க. பிறகு இரண்டு, மூன்று, பகலிலும். ஆயுள் முழுவதும் நுளம்பின் பின்னால் திரிந்த நான், நுளம்பு ஒரு பிள்ளையை இப்படியும் கொண்டுபோகும் என்று எந்தத் தாளிலும் எழுதியதில்லை.

இரண்டு செவ்வாய்க்கிழமை வந்தான். மூன்றாவது வரவில்லை. அங்கேதான் என் பிழை நடந்தது.

புதன்கிழமை காலை நான் ஏழாம் வீட்டுக்கு மட்டும் போனேன். ஒழுங்கை முழுவதும் போக நேரம் இல்லை, மற்ற வேலை இருந்தது, பையன் கைவிட்டுப் போய்விடுவான் என்ற பதற்றம். மோட்டார் சைக்கிளைக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். காசிம் காக்கா விறாந்தையில் கதிரை போட்டார். ரிஸ்வான் கடற்கரையிலிருந்து வரும்வரை காத்திருந்தேன். வந்தான், ஐந்து நிமிடம் கதைத்தான், வருகிறேன் என்றான். நாட்குறிப்பில் இருக்கிறது: 9.10 முதல் 9.50 வரை. எதிர்வீட்டில் மர்ஜான் ராத்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்ததும் இருக்கிறது. ஆனால் அவர் இம்தியாஸின் வாப்பாவுடைய தங்கை என்பது எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காசிம் காக்கா அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மாப்புள்ள ஊட்டால சொல்லி அனுப்பியிரிக்காங்க சேர். நாளக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்பமாம்.”

“ஏனாம் காக்கா?”

“ஏன் எண்டு செல்லல்ல. பீ.எச்.ஐட சைக்கிள் நாப்பது நிமிஷம் எங்கட கேட்டுக்கு முன்னால என்னத்துக்கு நிண்ட எண்டு மட்டும் கேட்டாங்களாம்.”

அன்று பின்னேரம் பள்ளிவாசல் சந்தியில் ரிஸ்வான் என்னை மறித்தான். கண்கள் சிவந்திருந்தன.

“நல்ல மருந்து சேர் ஒங்கட மருந்து. எனக்குக் குடுத்தீங்க, ராத்தாட கலியாணத்துக்கும் சேர்த்துக் குடுத்தீங்க. இனி நான் செவ்வாய்க்கிழம வந்தென்ன, வராட்டி என்ன?”

வாடிப் பக்கம் நடந்தான். நான் கூப்பிடவில்லை. சந்தியில் ஆட்கள் நின்றார்கள். கூப்பிட்டால் அதுவும் ஒரு செய்தியாகும்.

வெள்ளி காலை எட்டு மணிக்கு டொக்டரின் மேசையில் நாட்குறிப்பைத் திறந்து வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் பக்கத்தை வாசித்தார். மறுபடி வாசித்தார். குரல் மிகவும் தணிந்தது.

“நாற்பது நிமிஷம்.”

“ஓம் மெடம்.”

“அப்ப மற்றப் பத்து வீட்டுக்கும் நாற்பது நாற்பது நிமிஷம் போகணும்.”

நான் பகிடி என்று நினைத்தேன். அவர் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நானூறு நிமிடம், ஜும்ஆவுக்காக இன்றைக்கு விடுவோம், சனியும் ஞாயிறும் போவோம், நானே வருகிறேன் என்றார். ஏசவில்லை. அந்த ஏச்சுக்காக நான் அன்று முழுவதும் காத்திருந்தேன். இன்றுவரை வரவில்லை.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அவர், நான், ஊர் மிட்வைஃப் மூவரும் ஒழுங்கைக்குள் நுழைந்தோம். டொக்டர் முதலில் போனது மர்ஜான் ராத்தாவின் வீட்டுக்கு. என் மோட்டார் சைக்கிளைக் கேட்டுக்கு முன்னால், ஒழுங்கை முழுவதும் தெரியும்படி நிறுத்தச் சொன்னார்.

தொட்டி, பூச்சாடி, கூரைப் பீலி, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சிரட்டை எல்லாம் பார்த்தோம். சுத்தமான வீடு. ஏழு நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று. மர்ஜான் ராத்தா கேட்டை எட்டி எட்டிப் பார்த்தார். அடுத்த வீட்டு மதிலுக்கு மேலால் இரண்டு தலைகள் தெரிந்தன.

“முடிஞ்சா மெடம்?”

“இல்லம்மா. இன்னும் அரை மணித்தியாலம்.”

“அரை மணித்தியாலமா! இஞ்ச அப்படி என்ன இரிக்கி?” பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், “சேர், அந்தச் சைக்கிளச் சும்மா உள்ளுக்கு எடுத்து வைங்களன். பார்க்கிற ஆக்கள் என்னத்த நினைக்கும்?”

“என்ன நினைக்கும்?” என்று டொக்டர் கேட்டார்.

மர்ஜான் ராத்தாவின் பார்வை மெதுவாக எதிர்வீட்டுக் கேட்டுக்குப் போய் அங்கேயே நின்றது.

டொக்டர் அதைக் கவனிக்காதவர்போல் குசினிக்குப் போய், குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டை இழுத்தார். விரல் நகம் அளவு நீர். அதில் குடம்பிகள் துள்ளின.

“அல்லாஹ்வே! இதுக்குள்ளயா?”

“எல்லா வீட்டிலயும் இருக்கக் கூடியதுதான் அம்மா. எங்கட வீட்டிலயும் ஒருக்கா இருந்த. ஊத்திக் கழுவினாச் சரி. இத நாங்க ஆருக்கும் சொல்ல மாட்டம். எந்த வீட்டுக் கதையும் மற்ற வீட்டுக்குச் சொல்றதில்ல” என்றார். நாற்பதாவது நிமிடத்தில் எழுந்தார்.

பிறகு அடுத்த வீடு, நாற்பது நிமிடம். அதற்கு அடுத்தது. மதியத்துக்குள் பிள்ளைகள் எங்களுக்கு முன்னால் ஓடி, “அடுத்த ஊட்டார் தேத்தண்ணி வைங்க, நாப்பது நிமிஷக்காரர் வாறாங்க” என்று அறிவித்தார்கள். ஞாயிறு பின்னேரம் பத்தாவது வீடு முடிந்தபோது அந்த ஒழுங்கையில் பீ.எச்.ஐ. நாற்பது நிமிடம் நிற்காத வீடு இல்லை. பெண்கள் ஒருவரையொருவர் “ஒங்கட ஊட்ட என்னத்தப் புடிச்ச?” என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் வயிறு பதினேழு கோப்பைத் தேநீரில் மிதந்தது. டொக்டர் ஒரு கோப்பையையும் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை இம்தியாஸ் அலுவலகத்துக்கு வந்தார். மில்லிலிருந்து நேரே வந்திருப்பார்போல, தலைமயிரில் உமித்தூசி.

“சேர், மாமி வந்து எங்கட ஊட்ட அழுதிட்டுப் போறா. தான்தான் புழையா நினைச்சிட்டாவாம், நாளத் தள்ள வேணாமாம். உம்மாவும் சரி எண்டுட்டா. ஆனா எனக்கு ஒண்டு கேக்கணும். மச்சானுக்கு என்ன?”

“நாங்க நுளம்புக்குப் போன தம்பி.”

“நாப்பது நிமிஷ நுளம்பா?”

அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை விட்டார்.

“என்ட ராத்தாட கலியாணத்துக்குப் பிறகு நானும் மூண்டு வருஷம் மில்லுக்குள்ளதான் படுத்த சேர். மெசின் சத்தம், சூடு. என்ன தந்தாலும் வாங்கிப் போட்டுட்டுப் படுக்கிற அளவுக்கு வந்த. ஒருத்தரும் தரல்ல, அதுதான் தப்பின. நீங்க ஒண்டும் செல்லவேணாம். நான் செய்யக்கூடியது இரிக்கா எண்டு மட்டும் செல்லுங்க.”

விதி தெளிவாக இருந்தது. யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் நான் வெளிப்படையாகக் கேட்கிற ஒன்று இருந்தது.

“டெங்கு விசயம் ஒண்டு செல்லலாம்” என்றேன். “அந்த ஊட்ட நாலு பேர். நுளம்புவலை மூண்டுதான் இரிக்கி.”

அவர் விரல் மடித்து எண்ணினார். “கலியாணத்துக்குப் பிறகு அஞ்சு பேர்” என்றார் மெதுவாக. போய்விட்டார்.

அந்தக் கிழமையே காசிம் காக்காவின் பின்விறாந்தையை அடைக்கும் வேலை தொடங்கியது. நிக்காஹ்வுக்கு முன் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. எனவே இம்தியாஸ் மர்ஜான் மாமியின் வாசலில் நின்றுகொண்டு எதிர்வீட்டில் கட்டிக்கொண்டிருந்த மேசனுக்குத் தொலைபேசியில் உத்தரவு கொடுத்தார். “யன்னல் கிழக்கால வைங்க, காத்து வரணும்!” மேசன் தொலைபேசியை விட்டுவிட்டு நேரே மதிலுக்கு மேலால் பதில் கத்தினார். மர்ஜான் ராத்தா நடுவில் ஒழுங்கையைக் குறுக்கே கடந்து தேநீரும் செய்தியும் கொண்டு திரிந்தார். மாப்பிள்ளை தனக்கு அறை கட்டுகிறார் என்று பலர் பகிடி பண்ணினார்கள். அவர் மறுக்கவில்லை.

அறைக்குக் கதவு போட்ட அன்று, மில்லிலிருந்து ஒரு பார்சல் ரிஸ்வானின் பெயருக்கு வந்தது. புதிய நுளம்புவலை. வேறு எழுத்து இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டரைக்குச் சான்றிதழ் வரிசையில், ஒரு பேக்கரிக்காரனுக்கும் ஒரு கொத்துரொட்டிக்காரனுக்கும் இடையில் ரிஸ்வான் நின்றான். என்னைக் கண்டும் காணாததுபோல் முகத்தைத் திருப்பினான். அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது ஒரே வரி: வந்தான்.

அத்துடன் எல்லாம் நேராகிவிடவில்லை. டொக்டர் அவனை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு, தன் பழைய மாணவரான ஒரு வைத்தியரிடம் அனுப்பினார். குளிசையை மெதுமெதுவாகக் குறைத்தார்கள். நடுக்கம், வியர்வை, எரிச்சல். கலியாணம் முடிந்து இரண்டாம் மாதம் ஒருமுறை வழுக்கி விழுந்தான். அன்று அவனைத் தேடி வாடிக்குப் போனது இம்தியாஸ். “வாங்க மச்சான், புது மாப்புள்ளையத் தனிய உட்டுட்டு ஊட்டுப் புள்ள இஞ்ச படுக்கிறதா? ஒங்கட உம்மாட கேள்விக்கெல்லாம் நான் ஒருத்தன் பதில் செல்ல ஏலா” என்று சொல்லித் தோளில் கைபோட்டுக் கூட்டி வந்தாராம். ரிஸ்வான் இப்போது அதே மில்லில் மச்சானோடு மோட்டர் சுற்றுகிறான். இதை வாசித்துக் காட்டியபோது, “கொத்துரொட்டிக்காரன் எனக்குப் பின்னால இல்ல சேர், முன்னால” என்று திருத்தினான். நாட்குறிப்பைப் பார்த்தேன். அதில் இல்லை. அவன் சொல்வதுதான் சரியாக இருக்க வேண்டும்.

கலியாணத்துக்குப் பிறகு வந்த டெங்குச் சுற்றில் ஒழுங்கை முழுவதும் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் ஏழு நிமிடம். ஏழாம் வீட்டில் நஸ்ரின் பதில் சொன்னார்: “அஞ்சு பேர். அஞ்சு பேரும் ஊட்டதான்.” ஐந்தின் கீழ் ஐந்து என்று பென்சிலால் எழுதினேன்.

மாலையில் டொக்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தத் தாளில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து பேனையை எடுத்து, என் பென்சில் கோட்டின் மேலேயே இரண்டு ஐந்தையும் நீல மையால் அழுத்தி எழுதினார்.

“மெடம், அழிக்கக் கூடியதா இருக்கணும் எண்டு நீங்கதான்...”

“இத ஏன் லத்தீப் அழிக்கணும்?” என்றார். அடுத்த தாளை எடுத்தார்.

சில நாட்களுக்கு முன் சஜீத் ஸ்கேன் வேலை முடிந்ததென்று சொல்லக் கைப்பேசியோடு வந்தார். தாள்களைத் திரையில் தள்ளித் தள்ளிக் காட்டினார். பென்சில் எண்கள் ஒன்றும் ஸ்கேனில் விழவில்லை. மூலைகள் எல்லாம் வெறும் வெள்ளை. எத்தனையோ வீடுகள், எத்தனையோ பிள்ளைகள், எவருடைய கதையும் எவருக்கும் தெரியாதபடி போய்விட்டன. அவர் விரல் ஒரு தாளில் நின்றது.

“சேர், இது ஒண்டு மட்டும் விழுந்திரிக்கி. நீல மை. அஞ்சு கீழ அஞ்சு. இத என்ன செய்ற?”

“அது கிடக்கட்டும்” என்றேன்.